தொண்டர் ஆக்கிய மென்பொருளும் அதை விற்கும் வணிகரும்



சொந்த ஊரை விட்டு வந்து வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர் கூடும் தமிழ்ச் சங்கங்களில் ஆண்டுதோறும் எழும் வழக்கு ஒன்று உண்டு. பொங்கல் விழாவுக்கு மலர் வெளியிட வேண்டும். காகிதத்துக்கும் அச்சுக்கும் பணம் வேண்டும். உள்ளூர் நகைக்கடைக்காரர் ஒருவர் முன்வந்து, "செலவு முழுவதும் நான் ஏற்கிறேன்" என்கிறார். செயற்குழுவில் பாதிப்பேர் மகிழ்கின்றனர். மீதிப்பேர், "மலரின் அட்டையில் யார் பெயர் பெரிதாக இருக்கும்?" என்று கேட்கின்றனர். இரு சாராரும் சங்கத்தின் நன்மையைக் கருதியே பேசுகின்றனர் என்பதுதான் இதில் உள்ள சங்கடம்.

இதே வழக்கு, இதனினும் பன்மடங்கு பெரிய அளவில், கணினி உலகத்தில் நாற்பது ஆண்டுகளாக நடந்து வருகிறது. பெங்களூரிலும் ஐதராபாத்திலும் புனேயிலும் தில்லியின் புறநகர்களிலும் கணினித் தொழிலால் பிழைக்கும் தமிழர் மிகப் பலர். அவர்கள் அன்றாடம் கையாளும் கருவிகளுள் பெரும்பகுதி, ஊதியம் கருதாத தொண்டர்கள் எழுதிப் பொதுவில் வைத்த மென்பொருளால் ஆனது. அதை வணிக நிறுவனங்கள் எடுத்துத் தொகுத்து, சீர்செய்து, விற்கின்றன. அந்நிறுவனங்களோடு தொண்டர்கள் கூட்டுச் சேரலாமா, சேரின் எவ்வளவு தூரம் சேரலாம் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

மென்பொருளை மனிதர் படித்தறியும் வடிவில் எழுதிய மூலத்தை மூல நிரல் என்கிறோம். வணிக நிறுவனங்கள் பல இம்மூலத்தைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, இயங்கும் வடிவை மட்டும் விற்கின்றன. அவ்வாறன்றி, மூலத்தையும் கொடுத்து, பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை அளிக்கும் மென்பொருளைக் கட்டற்ற மென்பொருள் என்று வழங்குகிறோம். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல்லாகப் போய்விட்டதால், அந்நாட்டார் விளக்கம் சொல்லியே களைத்துப் போயினர். தமிழில் 'இலவசம்' வேறு, 'கட்டற்றது' வேறு. இவ்வொரு விஷயத்தில் நம் மொழி நமக்குச் சில மணி நேர விவாதத்தை மிச்சமாக்கி இருக்கிறது.

கட்டற்றது என்பதற்கு விற்கப்படாதது என்று பொருளன்று. இவ்வியக்கத்தைத் தொடங்கியவர் அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன். 1983இல் குனு என்னும் திட்டத்தை அறிவித்த அவர், 1985இல் ஈமேக்ஸ் என்னும் தம் தொகுப்பானைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலர் விலைக்கு விற்றார். வலையில் இருந்து எடுத்துக்கொள்ள வல்லவர் இனாமாக எடுத்துக்கொள்ளலாம். நாடா வேண்டுவோர் பணம் கொடுக்கட்டும் என்பது ஏற்பாடு. பின்னர் அவர் வகுத்த பொது உரிமமும் விற்பனையைத் தடுக்கவில்லை. விற்பவர் மூல நிரலையும் உடன் தர வேண்டும், பெற்றவருடைய உரிமைகளைக் குறைக்கக்கூடாது என்று மட்டுமே அது கட்டளையிட்டது.

லினக்ஸின் கதை இதற்குத் தலைகீழாகத் தொடங்கியது. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதை வெளியிட்டபோது, பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கலாகாது என்று நிபந்தனை வைத்தார். இளைஞருக்கு இயல்பான தூய்மை அது. ஆனால் நெகிழ்வட்டில் பிரதி எடுத்துக் கொடுப்பவர், வட்டின் விலையைக்கூட வாங்க முடியாதென்றால் யார் பரப்புவார்? 1992இல் அந்நிபந்தனையை நீக்கிவிட்டு, ஸ்டால்மனின் பொது உரிமத்தின்கீழ் லினக்ஸை அவர் கொண்டுவந்தார். அம்மாற்றம் இல்லையேல் லினக்ஸ் ஒரு மாணவரின் பொழுதுபோக்காகவே நின்றிருக்கக்கூடும் என்பது நம் கருத்து.

விநியோகஸ்தர் என்பவர் செய்யும் வேலையின் அருமையை இந்தியாவில் இருந்தவர் நன்கு அறிவர். 1990களின் பிற்பகுதியில் வீட்டுத் தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தைத் தொட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். நொடிக்கு 56 கிலோபிட் என்னும் முழு வேகமும் தடையின்றிக் கிடைத்தாலுங்கூட, ஒரு குறுவட்டின் அளவை இறக்கிக்கொள்ள ஒரு நாளுக்கு மேல் ஆகும். தடையின்றிக் கிடைத்ததும் இல்லை. அக்காலத்தில் பி.சி. குவெஸ்ட் போன்ற கணினி இதழ்கள் லினக்ஸ் குறுவட்டை இதழோடு இணைத்து விற்றன. இரயில் நிலையத்துப் புத்தகக் கடையில் அவ்விதழை வாங்கியவர்கள் வழியாகவே இந்நாட்டில் லினக்ஸ் பரவியது. 2004இல் தோன்றிய உபுண்டுவோ, அதன் பின்னணியில் நின்ற கனோனிக்கல் நிறுவனத்தின் செலவில், கேட்டவருக்கெல்லாம் குறுவட்டைத் தபாலில் இனாமாக அனுப்பிற்று. 2011 வரை இது நடந்தது. உபுண்டுவின் அடித்தளம் டெபியன் என்னும் தொண்டர் படைப்பு. டெபியன் தொண்டர்கள் உலகமெங்கும் அஞ்சல் தலை ஒட்டிக் கொண்டிருக்க முடியுமா? முடியாது. அதைச் செய்யப் பணமும் ஆளும் உள்ள நிறுவனம் ஒன்று வேண்டியிருந்தது.

இதுவரை கேட்டவர், "பின் வழக்கு எங்கே இருக்கிறது?" என்று வினவலாம். சென்ட் ஓ.எஸ். என்னும் இயங்குதளத்தின் வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம். நேயர்களுள் பலருடைய அலுவலகச் சர்வர்களில் அது ஓடியிருக்கும். சிலருடைய உறக்கத்தையும் அது கெடுத்திருக்கும்.

ரெட் ஹாட் என்னும் அமெரிக்க நிறுவனம் லினக்ஸைத் தொகுத்து விற்றுப் பெரும்பேர் பெற்றது. 2003ஆம் ஆண்டளவில் அது தன் பொது வெளியீட்டை நிறுத்திக்கொண்டு, நிறுவனங்களுக்கான தொகுப்பைச் சந்தா கட்டுவோருக்கு மட்டும் அளிக்கலாயிற்று. ஆயினும் மூல நிரலைப் பொதுவில் வைத்துவந்தது. தொண்டர் சிலர் 2004இல் அம்மூலத்தை எடுத்து, அதில் இருந்த நிறுவனத்தின் பெயரையும் முத்திரையையும் அகற்றி, மறுபடி தொகுத்து, யாரும் இனாமாகப் பயன்படுத்தும்படி வெளியிட்டனர். அதுவே சென்ட் ஓ.எஸ். சட்டப்படி இதில் குற்றமில்லை, உரிமமே இடங்கொடுத்தது. பல்கலைக்கழகங்களும் சிறு கம்பெனிகளும் இணையதளங்களை நடத்துவோரும் அதன்மேல் குடியேறினர்.

தொண்டர்களின் இல்லறம் அமைதியாக இருந்ததென்று எண்ண வேண்டா. 2009இல் வினோதமானதொரு நெருக்கடி வந்தது. திட்டத்தின் இணைய முகவரியும் நன்கொடைக் கணக்கும் ஒரே நிறுவனரின் பெயரில் இருந்தன. அவரோ நெடுநாளாகத் தொடர்புக்கு வராமல் இருந்தார். மற்ற தொண்டர்கள் அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதிய பிறகே காரியம் தீர்ந்தது. அடுத்து வந்தது வேலைச் சுமை. 2010 நவம்பரில் ரெட் ஹாட்டின் ஆறாம் பதிப்பு வந்தது, சென்ட் ஓ.எஸ். ஆறாம் பதிப்பு 2011 ஜூலையில்தான் வந்தது. எட்டு மாத இடைவெளி. பகலெல்லாம் வேறு வேலை செய்து இரவில் கண்விழித்துத் தொகுப்பவர்களிடம் இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. எனினும் பயன்படுத்துவோர் பொறுமை இழந்து வசைபாடினர். இனாமாகப் பெறுவோரின் நாவு கூர்மையாக இருப்பதை எல்லா ஊரிலும் காண்கிறோம்.

இந்நிலையில் 2014 ஜனவரியில், எந்த நிறுவனத்தின் தொகுப்பை நகலெடுத்து வந்தனரோ அதே ரெட் ஹாட் நேசக்கரம் நீட்டியது. முக்கியத் தொண்டர்கள் சிலர் நிறுவனத்தின் ஊழியராயினர். வணிக முத்திரை நிறுவனத்தின் கைக்குச் சென்றது. நடத்துங்குழுவில் நிறுவனத்தாரே பெரும்பான்மை. அன்று பெரும்பாலோர் இதை வரவேற்றனர். வரவேற்கக் காரணமும் இருந்தது: ஊதியம் உண்டு, கணினிகள் உண்டு, தாமதம் குறையும். அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வுக்கூடம் 2004 முதல் துகள் இயற்பியலாருக்காக இதே முறையில் தனியொரு தொகுப்பை நடத்திவந்தது. அடுத்த பதிப்பைத் தனியே ஆக்கப் போவதில்லை, சென்ட் ஓ.எஸ். எட்டாம் பதிப்பையே பயன்படுத்தப் போகிறோம் என்று 2019இல் அக்கூடம் அறிவித்தது. நம்பிக்கை அவ்வளவு உறுதியாக இருந்தது.

அதே 2019 ஜூலையில் ரெட் ஹாட்டை ஐ.பி.எம். நிறுவனம் 3,400 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. 2020 டிசம்பர் 8ஆம் நாள் ஓர் அறிவிப்பு வந்தது. 2029 வரை பேணப்படும் என்று சொல்லப்பட்டிருந்த சென்ட் ஓ.எஸ். எட்டாம் பதிப்பு 2021 டிசம்பர் 31உடன் முடிவுறும். இனி சென்ட் ஓ.எஸ். ஸ்ட்ரீம் என்னும் வேறொரு வகைத் தொகுப்பே இருக்கும் என்றது அது. புதிய தொகுப்பு ரெட் ஹாட்டின் வெளியீட்டுக்கு முன்னோடியாக ஓடுவது. பழையதோ பின்னால் நடந்து, அதன் அடிச்சுவட்டில் கால்வைத்தது. மாறாதிருப்பதையே விரும்பிப் பழையதைத் தேர்ந்தவர்களுக்கு இது வேறு பொருள். பத்தாண்டு இருக்கலாம் என்று குடிவந்தவரிடம், வீட்டுக்காரர் ஓராண்டில் காலி செய்யச் சொன்னதை ஒக்கும்.

நிறுவனத்தின் பக்கத்தையும் கேட்பதே முறை. ஆயிரக்கணக்கான பொறியாளருக்குச் சம்பளம் கொடுத்து நாம் செய்யும் வேலையை, பெயர் மாற்றி இனாமாகக் கொடுத்தால், நமக்குச் சந்தா கட்டுவோர் யார் என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. சென்ட் ஓ.எஸ். பயனாளருள் ஏழை மாணவர் மட்டுமா இருந்தனர்? கோடிக்கணக்கில் இலாபம் ஈட்டும் கம்பெனிகளும் சந்தாவை மிச்சம் பிடிக்கவே அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவர்களுக்காக நாம் கண்ணீர் வடிக்க வேண்டுவதில்லை. நம் கேள்வி வேறு. பத்தாண்டு உழைத்துத் தொண்டர்கள் வளர்த்த பெயர், ஒரே அறிவிப்பில் வேறு பொருளுக்குச் சூட்டப்பட்டதே, அதைத் தடுக்க அவர்களிடம் என்ன இருந்தது? ஒன்றும் இல்லை. பெயர் 2014லேயே கைமாறிவிட்டது. நிறுவனம் வாக்குத் தவறியது என்று வருந்துவதைக் காட்டிலும், வாக்கையன்றி வேறெதையும் கேட்டுப் பெறாமல் பெயரைக் கொடுத்ததை எண்ணி வருந்துவதே பொருந்தும்.

ஆயினும் கதை அங்கு முடியவில்லை. கட்டற்ற உரிமத்தின் வலிமை அதன் பின்னரே வெளிப்பட்டது. சில நாட்களுக்குள் இரண்டு புது முயற்சிகள் எழுந்தன. ராக்கி லினக்ஸ் என்பதொன்று, சென்ட் ஓ.எஸ்.ஐத் தொடங்கியவர்களுள் காலமாகிவிட்ட ஒருவரின் பெயரை அது தாங்கியது. ஆல்மா லினக்ஸ் என்பது மற்றொன்று. கிளவுட் லினக்ஸ் என்னும் வணிக நிறுவனம் ஆண்டுக்குப் பத்து இலட்சம் டாலர் தருவதாகச் சொல்லி அதைத் தொடங்கினாலும், உடைமையை இலாப நோக்கற்ற தனிச் சங்கம் ஒன்றன் கையில் ஒப்படைத்தது. இரண்டுமே 2021இல் வெளிவந்தன. 2023 ஜூனில் ரெட் ஹாட் தன் நிறுவனத் தொகுப்பின் மூலத்தைப் பொதுவில் வைப்பதை நிறுத்திக்கொண்டபோது, அவற்றுக்கு இரண்டாம் சோதனை வந்தது. ஆல்மா, அச்சு அசலான நகலாக இருக்கும் நோக்கைக் கைவிட்டு, இணக்கமாக ஓடினால் போதும் என்னும் கொள்கைக்கு மாறியது. இதற்கு முந்திய 2022 டிசம்பரிலேயே ஃபெர்மி ஆய்வுக்கூடமும் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடமும் தம் சோதனைகளுக்கு ஆல்மாவைப் பரிந்துரைத்துவிட்டன.

இதனோடு ஒப்பவைத்துப் பார்க்கத் தக்க வேறொரு நிகழ்ச்சி உண்டு. கிம்ப் என்பது படங்களைத் திருத்தும் மென்பொருள். அதன் விண்டோஸ் வடிவம் சோர்ஸ்ஃபோர்ஜ் என்னும் வணிகக் கிடங்கின் வழியே பகிரப்பட்டு வந்தது. அக்கிடங்கு, பதிவிறக்கப் பொத்தானைப் போலவே தோன்றும் ஏமாற்று விளம்பரங்களைக் காட்டத் தலைப்பட்டதால், 2013 நவம்பரில் கிம்ப் தொண்டர்கள் வெளியேறினர். 2015இல், கைவிடப்பட்ட கணக்கு என்று காரணம் சொல்லி, அக்கிடங்கே அப்பக்கத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பிறருடைய விளம்பரச் சரக்கைச் சேர்த்துக் கட்டிய நிறுவியை அங்கே கிம்ப் என்று வைத்தது. தொண்டர்களின் கூக்குரலுக்குப் பிறகே அது நின்றது. 2016இல் கிடங்கு கைமாறியதும், புது உரிமையாளர் அவ்வழக்கத்தையே ஒழித்தார் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். தண்ணீர்ப் பந்தலை நடத்த இடம் கொடுத்தவர், பந்தல்காரர் போன பிறகு அதே பலகையின்கீழ் வேறு பானம் விற்றால் எப்படி இருக்கும்? குடித்தவன் வயிற்றுவலிக்குப் பந்தல்காரரையே ஏசுவான்.

இவற்றைக் கேட்டு, "வணிகர் வாடையே வேண்டா, தனித்தே நிற்போம்" என்று சொல்லும் தொண்டர்கள் உண்டு. அவர்கள் மனத்தூய்மையை நாம் மதிக்கிறோம். ஆனால் தனித்து நிற்பதன் விலை யாது? ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மென்பொருள், வங்கிக் கணக்கையும் கடவுச் சொற்களையும் இணையத்தில் மறைபொருளாக்கி அனுப்ப உதவுவது. 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்னும் பெரும் ஓட்டை அதில் வெளிப்பட்டது. ஈராண்டாக யார் கண்ணிலும் படாமல் இருந்த ஓட்டை அது. உலகத்துப் பெருநிறுவனங்கள் சார்ந்திருந்த அம்மென்பொருளுக்கு ஆண்டுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர்; முழு நேரமும் அதில் உழைத்தவர் ஒரே ஒருவர். பேரிடிக்குப் பிறகே கூகுளும் ஐ.பி.எம்.மும் மைக்ரோசாப்டும் வேறு சிலரும் கூடி, ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 1,00,000 டாலர் வீதம் மூன்றாண்டுகள் தருவதாக உறுதியளித்து ஒரு நிதியம் அமைத்தனர்.

அதனினும் அச்சந்தருவது 2024 மார்ச்சில் வெளிப்பட்டது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.இசட். என்னும் சிறு மென்பொருளை நெடுங்காலம் ஏறத்தாழ ஒரே தொண்டர் பேணிவந்தார், களைத்துப் போயிருந்தார். உதவிக்கு வருவதாகச் சொல்லி இரண்டாண்டுக்கு மேல் நல்ல வேலை செய்து நம்பிக்கை பெற்ற ஒருவர், அதனுள் இரகசியக் கதவொன்றைப் பொருத்திவிட்டார். அவர் யார் என்பது இன்றும் வெளிவரவில்லை. மைக்ரோசாப்டில் பணிபுரியும் பொறியாளர் ஒருவர், தொலைக் கணினியில் நுழைவதற்கு வழக்கத்தினும் அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஐயுற்றுத் துருவியதால் அது அகப்பட்டது. தொண்டின் தனிமைதான் அங்கு திருடனுக்குக் கதவு திறந்தது, கண்டுபிடித்தவரோ சம்பளக்காரர். ஆகவே வணிகத்தை ஒதுக்கினால் தூய்மை காக்கப்படும் என்பது ஆராயாத எண்ணம்.

பணம் உள்ளே வரும்போது தொண்டர்களுக்கிடையே என்ன நிகழும் என்பதற்கு டெபியன் தக்க சான்று. 2006இல் அதன் தலைவரும் வேறு சிலரும், வெளியீட்டுப் பொறுப்பாளர் இருவருக்கு ஒவ்வொரு மாதம் ஊதியம் கொடுத்து முழுநேரம் உழைக்கச் செய்தால் டிசம்பரில் புதுப் பதிப்பை முடித்துவிடலாம் என்று திட்டமிட்டனர். "அவர்களுக்கு ஊதியம், நமக்கு இல்லையா?" என்று நேரே கேட்டவர் சிலர், கேளாமல் மனம் கசந்தவர் பலர். பதிப்பு வெளிவந்தது 2007 ஏப்ரலில். இதைக் கொண்டு ஊதியமே தீது என்று முடிவு கட்டுதல் தவறு. அதே டெபியனில் 2014 முதல் பழைய பதிப்புகளை நீண்ட காலம் பேணும் பணி ஊதியத்துக்கே நடைபெறுகிறது. ஃப்ரெக்சியன் என்னும் சிறு நிறுவனம், பழைய பதிப்பு தேவைப்படும் கம்பெனிகளிடம் பணம் திரட்டி, மணிக்கணக்கில் பணி செய்யும் தொண்டர்களுக்கு அளிக்கிறது. யாரும் விரும்பிச் செய்யாத சலிப்பூட்டும் வேலை அது. அதற்குக் கூலி கொடுப்பதில் யாருக்கும் பொறாமை எழவில்லை. பெருமைக்குரிய வேலைக்குக் கூலி வந்தபோதுதான் எழுந்தது. மனித மனத்தை அறிந்தவருக்கு இது வியப்பன்று.

டெபியன் குறுவட்டு விற்ற வணிகர்களிடம் கைக்கொண்ட முறையும் நினைவில் வைக்கத் தக்கது. அது தானே வட்டு விற்கவில்லை. மூலப் பிம்பத்தைப் பொதுவில் வைத்தது. விற்க விரும்பும் எவரும் விற்கலாம். கேட்டவர் பெயரைப் பட்டியலில் சேர்த்தது. பங்கு கேட்கவில்லை, மனமுவந்து நன்கொடை தந்தால் ஏற்றுக்கொண்டது. ஒரே விநியோகஸ்தருக்கு ஏகபோகம் கொடுக்காததால், எந்த விநியோகஸ்தருக்கும் அதன்மேல் பிடி இல்லாமற் போயிற்று.

கிரிட்டா என்னும் ஓவிய மென்பொருளைச் செய்வோர் வேறு வழி கண்டனர். அவர்களுடைய தளத்தில் அது இனாம். ஸ்டீம் என்னும் அங்காடியிலும் மைக்ரோசாப்டின் அங்காடியிலும் அதற்கு விலை உண்டு. அங்கே வாங்குவோருக்குத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதி கிடைக்கிறது, வரும் பணம் உழைப்போருக்கு ஊதியமாகிறது. அங்காடிக்காரர் நாளை முகம் சுளித்தாலும், தளத்தின் கதவு திறந்தே இருக்கும்.

பெயரைப் பற்றி முன்னரே சொன்னோம்; அதை இன்னும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டற்ற உரிமம் நிரலைக் காக்கும், பெயரைக் காக்காது. பெயர் வணிக முத்திரைச் சட்டத்துக்கு உட்பட்டது. ஓப்பன் ஆபீஸ் என்னும் அலுவலகத் தொகுப்பை 2000இல் சன் நிறுவனம் கட்டற்றதாக்கியது. 2010இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. அவநம்பிக்கை கொண்ட தொண்டர்கள் அதே ஆண்டு செப்டம்பரில் பிரிந்து, பெயரைத் தருமாறு ஆரக்கிளைக் கேட்டனர்; கிடைக்கவில்லை. லிபர் ஆபீஸ் என்று புதுப்பெயர் சூட்டிக்கொண்டனர். அறக்கட்டளை அமைக்க 50,000 யூரோ வேண்டும் என்று 2011இல் முறையிட்டபோது, எட்டே நாளில் அத்தொகை திரண்டது. உழைப்பவருள் பெரும்பாலோர் புதுப்பெயரின் பக்கம் சென்றனர். பழைய பெயரையோ, உழைப்போர் குறைந்த வீட்டின் பெயர்ப்பலகையாக, 2011இல் ஆரக்கிள் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தது. இன்றும் பழைய பெயரை நினைவில் வைத்துத் தேடிச் சென்று, வளர்ச்சி குன்றிய தொகுப்பை இறக்கிக்கொள்வோர் இருக்கின்றனர். பெயரை இழந்ததன் வட்டி இவ்வாறு ஆண்டுதோறும் கட்டப்பட்டு வருகிறது.

எனவே, கூட்டுச் சேரலாமா என்றால், சேரலாம் என்பதே நம் விடை. பல திட்டங்களுக்குச் சேராமல் வழியில்லை என்றுங்கூடச் சொல்வோம். ஆனால் பெயரும், இணைய முகவரியும், வெளியீட்டில் கையொப்பமிடும் இரகசியத் திறவுகோலும் தொண்டர்களுடைய சங்கத்தின் உடைமையாக இருக்க வேண்டும். தனி மனிதர் ஒருவர் பெயரில் இருப்பதும் ஆபத்தே என்பதைச் சென்ட் ஓ.எஸ்.இன் 2009ஆம் ஆண்டு காட்டியது. சங்கம் அமைத்துக் கணக்கெழுதும் தொல்லைக்கு அஞ்சுவோர், பொது நலத்துக்கான மென்பொருள் என்னும் கழகம் போன்ற பொதுக்குடையின்கீழ் ஒதுங்கலாம். டெபியனின் பணத்தையும் உடைமைகளையும் 1997 முதல் அமெரிக்காவில் தாங்கி வருவது அக்கழகமே. பணம் ஒரே கையிலிருந்து வருவதினும் பல கைகளிலிருந்து சிறிது சிறிதாக வருவது நன்று. நம் சங்க மலரில் ஒரே நகைக்கடையின் முழுப்பக்க விளம்பரங்களைக் காட்டிலும், மளிகைக் கடை முதல் மருந்துக் கடை வரை முப்பது சிறு விளம்பரங்கள் இருப்பதையே அனுபவமுள்ள செயலாளர்கள் விரும்புவதன் காரணமும் அதுதான்.

வணிகர் கொடுத்ததும் பொதுச் சொத்தாகலாம் என்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. கணினியில் தமிழைக் காட்டும் லோகித் எழுத்துருவை 2004இல் பொது உரிமத்தில் வெளியிட்டது, இவ்வளவு நேரம் நாம் குறைகூறி வந்த அதே ரெட் ஹாட் நிறுவனந்தான். தமிழுக்கு மட்டுமன்று, வேறு பல இந்திய மொழிகளுக்கும் அது அளித்தது. 2011இல் அதனினும் இளகிய எழுத்துரு உரிமத்துக்கு மாற்றியது. நிறுவனம் நாளை மனம் மாறினாலும் அவ்வெழுத்துருவை எவரும் பறிக்க முடியாது. டெபியனிலும் உபுண்டுவிலும் அது வீற்றிருக்கிறது. 2023 செப்டம்பரில் டெபியன் தொண்டர்களின் உலக மாநாடு கொச்சியில் கூடியபோது, அதன் செலவில் ஒரு பகுதியை நிறுவனங்கள் ஏற்றன. பேச்சுகளின் நிரலைத் தொண்டர்களே வகுத்தனர்.

நேயர்களுள் கணினித் துறையில் பொறுப்புள்ள பதவி வகிப்போர் பலர் இருப்பீர்கள். அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் வகுக்கும் முன்னர், உங்கள் அலுவலகச் சர்வர்களில் ஓடும் தொகுப்புகளின் பட்டியலை ஒருமுறை வரவழைத்துப் பாருங்கள். விலைச்சீட்டு இல்லாதவை எவை, அவை ஒவ்வொன்றையும் பேணுவோர் எத்தனை பேர், அதன் பெயர் யாருக்குச் சொந்தம் என்று மூன்று பத்திகள் இட்டு எழுதச் சொல்லுங்கள். பேணுவோர் ஒருவரே என்று எழுதப்பட்ட வரிகளில் இருந்து பணத்தை ஒதுக்கத் தொடங்கலாம். பெரிய பெயர்களுக்குக் கொடுக்க வேறு பலர் இருக்கின்றனர்.